இஸ்ரேலின் ஹீப்ரு கல்வித் தொலைக்காட்சி: கேள்வி பதில்

1966 முதல் 2018 வரை இஸ்ரேலில் ஓடிய அரசு கல்வித் தொலைக்காட்சியைப் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அந்த நாட்டில் பொதுத் தொலைக்காட்சி வருவதற்கு முன்பே பள்ளிக்கூடத் தொலைக்காட்சி வந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா சார்?

உண்மைதான். கல்வித் தொலைக்காட்சியின் முதல் ஒளிபரப்பு 1966 மார்ச் 24 அன்று. பொதுத் தொலைக்காட்சி தொடங்கியது 1968 மே 2 அன்று, ஜெருசலேமில் நடந்த சுதந்திர தின அணிவகுப்போடு. இடையில் இரண்டு வருடம், நாட்டின் தொலைக்காட்சியில் வந்தது பாடம் மட்டும்தான்!

முதல் பிரதமர் டேவிட் பென்-குரியனுக்குத் தொலைக்காட்சி என்றாலே ஆகாது. மக்களின் ரசனையையும் உழைப்பையும் அது கெடுத்துவிடும் என்று நினைத்தவர். 1963-ல் அவர் பதவி விலகிய பிறகுதான் கதவு திறந்தது. அதுவும் 'பாடம் நடத்த' என்று சொன்னதால் திறந்தது. செலவை ரோத்ஸ்சைல்ட் குடும்பத்தின் யாட் ஹநாதிவ் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. ஜெருசலேமில் இன்றைக்கு இருக்கும் நாடாளுமன்றக் கட்டடமும் அதே குடும்பத்தின் கொடையில் எழுந்ததுதான். அது திறக்கப்பட்டதும் அதே 1966-ல். சில வருடங்கள் கழித்து கல்வி அமைச்சகம் தொலைக்காட்சியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

கேள்வி: ஆசிரியர் இருக்கும்போது டி.வி. எதற்கு?

எல்லா ஊரிலும் ஆசிரியர் இல்லை என்பதுதான் சிக்கல். 1950-களில் பல நாடுகளிலிருந்து லட்சக்கணக்கில் யூதர்கள் வந்து குடியேறினார்கள். எல்லையோரத்தில் புதிது புதிதாக ஊர்கள் முளைத்தன. அங்கே கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது. டெல் அவீவின் ராமத் அவீவ் பகுதியில் இருந்த ஸ்டூடியோவிலிருந்து ஒருவர் பாடம் நடத்தினால் தூரத்து ஊர்ப் பிள்ளைக்கும் அது கிடைக்கும் என்பது கணக்கு. வகுப்பாசிரியரும் சும்மா நிற்பதில்லை. ஒளிபரப்புக்கு முன்னும் பின்னும் என்ன செய்யவேண்டும் என்று அவருக்குக் கையேடு வரும்.

இந்தப் பள்ளிப் பாடங்களில் எனக்குப் பிடித்தது எண்பதுகளில் வந்த 'ப்லி சோதோத்'. சிறுவர்களுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் நிகழ்ச்சி. ஹீப்ருவைப் பொதுவாக உயிர்க்குறி இல்லாமல்தான் எழுதுவார்கள். படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு மட்டும் எழுத்தின் கீழும் மேலும் புள்ளியும் கோடும் போட்டுக் கொடுப்பார்கள். கரும்பலகையில் இதைச் சொல்லித்தர முழுப் பீரியட் போய்விடும். திரையில் எழுத்து தானே நகர்ந்து புள்ளியோடு சேர, நடிகர்கள் அதைப் பாட்டாகப் பாட, பிள்ளை கண்ணாலும் காதாலும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். பாடத்துக்குத் திரை தேவைப்பட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கேள்வி: பொம்மை நிகழ்ச்சிகள் எப்போது வந்தன அண்ணா?

எழுபதுகளில். பகலிலும் மாலையிலும் கல்வித் தொலைக்காட்சி, இரவில் பொது ஒளிபரப்பு என்று ஒரே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பள்ளி விட்டு வந்த பிள்ளை பார்க்க வேறு சேனல் கிடையாது. அப்போது பிறந்தவன்தான் 'மா பித்தோம்' நிகழ்ச்சியின் கிஷ்கஷ்தா. வாயாடிச் சப்பாத்திக்கள்ளி! அந்த மண்ணில் பிறந்த யூதர்களை அந்தக் கள்ளியின் பழத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வெளியே முள், உள்ளே இனிப்பு என்று அர்த்தம். 1982-ல் தொடங்கிய 'பர்பார் நெஹ்மத்' பள்ளிக்கூடம் போகாத வாண்டுகளுக்கானது. அவசரமே இல்லாத நிதானம் அதன் பெரிய பலம்.

கேள்வி: அமெரிக்கக் குழந்தைகள் பொம்மை நிகழ்ச்சி 'செசமி ஸ்ட்ரீட்' ஹீப்ருவிலும் உண்டா? பாலஸ்தீனக் குழந்தைகளோடு சேர்ந்து எடுத்தார்களாமே?

இரண்டும் உண்டு. 'ரெஹோவ் சும்சும்' 1983-ல் வந்தது. அமெரிக்காவில் பெரிய மஞ்சள் பறவை நின்ற இடத்தில் இங்கே கிப்பி பென் கிப்போத் என்ற முள்ளெலி. உள்ளே இருந்து நடித்தவர் சராய் ட்ஸுரியேல்.

அடுத்தது கனமான கதை. இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் செய்துகொண்ட ஓஸ்லோ அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு, பாலஸ்தீனர்களின் அல்-குத்ஸ் பல்கலைக்கழகத்தின் ஊடக நிலையத்தோடு சேர்ந்து ஹீப்ருவும் அரபியும் கலந்த தொடரை எடுத்தார்கள். 1998-ல் ஒளிபரப்பானது. எல்லாரும் ஒரே தெருவில் வாழ்வதாகக் காட்டலாம் என்பது முதல் யோசனை. 'அது யாருடைய தெரு?' என்ற கேள்விக்குப் பதில் இல்லை. எங்களுக்கென்று தனித் தெரு வேண்டும் என்றார்கள் பாலஸ்தீனக் குழுவினர். நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன். கடைசியில் இரண்டு தெரு ஆயிற்று. ஒரு தெருவின் பொம்மைகள் மற்றத் தெருவுக்கு விருந்தாளியாகப் போய்வரும். 2000-ல் இரண்டாம் இன்திஃபாதா, அதாவது பாலஸ்தீனர்களின் எழுச்சி, வெடித்தது. அதன்பின் வந்த தொடரில் அந்தப் போக்குவரத்தும் நின்றது. இஸ்ரேல், பாலஸ்தீனம், ஜோர்டான் மூன்றும் தங்கள் தங்கள் கதையைத் தனித்தனியாகச் சொல்லின. பெரியவர்களின் அரசியலைக் குழந்தைகள் நிகழ்ச்சியால் தாண்ட முடியாது என்று சிலர் இதை வைத்து வாதிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இரண்டு தெருக்களை எடுக்க இரு தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு காட்சிக்கும் பேசி முடிவெடுத்தார்கள். அது சின்ன விஷயமில்லை.

கேள்வி: கலரில் எப்போது வந்தது?

எண்பதுகளின் தொடக்கத்தில். அதற்கு முன் வெளிநாட்டிலிருந்து கலரில் வந்த நிகழ்ச்சியிலும் நிறத்தை அழித்துத்தான் ஒளிபரப்பினார்கள். கலர் செட் இறக்குமதியில் அந்நியச் செலாவணி கரையும் என்று அரசுக்குக் கவலை. மக்கள் அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவரும் கருவியை வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: பெரியவர்களும் பார்த்தார்களா?

நன்றாகவே. நாட்டின் முதல் சிட்காம் என்று சொல்லப்படும் 'க்ரோவிம் க்ரோவிம்' இவர்கள் தயாரிப்பு. 1978-ல் இளைஞர்களுக்காகத் தொடங்கிய 'ஸெஹூ ஸெ' 1991 வளைகுடாப் போரில் குடும்பமே கூடிப் பார்ப்பதாகிவிட்டது. ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைக்குப் பயந்து, ஜன்னலை டேப் ஒட்டி அடைத்த அறையில், பக்கத்தில் வாயு முகமூடியோடு உட்கார்ந்திருந்தவர்களைச் சிரிக்க வைத்த நிகழ்ச்சி அது. 2020-ல் கொரோனா முடக்கத்தின்போது அதே நடிகர்கள் மறுபடி கூடினார்கள்.

கேள்வி: இவ்வளவு நல்ல சேனலை ஏன் மூடினார்கள்?

1989-லேயே கேபிளில் தனியார் குழந்தைகள் சேனல் வந்துவிட்டது. அப்புறம் வாண்டுகளுக்கென்றே 'ஹாப்' வந்தது. 2006-ல் 'ரெஹோவ் சும்சும்' கூட அங்கே போய்விட்டது. 2014-ல் பொது ஒளிபரப்பைச் சீரமைக்கச் சட்டம் போட்டு, கல்வித் தொலைக்காட்சியின் வேலையையும் புதிய பொது ஒளிபரப்பு நிறுவனமான 'கான்' வசம் ஒப்படைக்க முடிவெடுத்தார்கள். 2018 ஆகஸ்ட் 14 கடைசி நாள். மறுநாளே கானின் கல்விச் சேனல் 'கான் ஹினுகித்' தொடங்கியது.

நிர்வாகக் கணக்கில் இது சரியாக இருக்கலாம். ஆனால் விளம்பரக்காரர் கண்ணுக்குப் படாத ஒரு பிள்ளையை நினைத்து, கல்வி அமைச்சகமே நேரடியாக ஸ்டூடியோ நடத்திய காலம் அதோடு முடிந்தது. எனக்கு அது பெரிய இழப்பு.

கேள்வி: ஹீப்ரு தெரியாது. எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

யூடியூபில் பழைய நிகழ்ச்சிகள் நிறைய இருக்கின்றன. பெயரை ஹீப்ரு எழுத்தில் போட்டுத் தேடுங்கள், அப்போதுதான் சரியாக வரும். முதலில் 'பர்பார் நெஹ்மத்' பாருங்கள். பேச்சு மெதுவாக இருக்கும், சொன்னதையே பாட்டிலும் சொல்வார்கள். எழுத்தும் கற்க ஆசை இருந்தால் அடுத்து 'ப்லி சோதோத்'. 'ஸெஹூ ஸெ'யை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொழி கொஞ்சம் பிடிபட்டால்தான் அதில் சிரிப்பு வரும்.