கடிதம் கொண்டுபோனவர்கள்

அன்புள்ள ஐயா,

டாம் ஸ்டாப்பார்ட் இயக்கிய ‘ரோஸன்கிரான்ட்ஸ் அண்ட் கில்டன்ஸ்டெர்ன் ஆர் டெட்’ படத்தை நண்பர் ஒருவர் சொல்லிப் பார்த்தேன். போனில்தான், பஸ்ஸில் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை முழுசாகப் படித்ததில்லை, கதை தெரியும். முதலில் நன்றாகச் சிரித்தேன். கடைசியில் ரோஸன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன் இருவர் கழுத்திலும் சுருக்கு விழுந்தபோது கோபம் வந்துவிட்டது. ஒன்றுமறியாத இரண்டு விளிம்புநிலை மனிதர்களை ஒரு இளவரசன் தான் தப்பிப்பதற்காகச் சாக அனுப்பிவிடுகிறான். அவர்களுக்கு ஸ்டாப்பார்ட் குரல் கொடுத்திருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டது சரியா? ஹாம்லெட்டைப் படித்துவிட்டுத்தான் இதைப் பார்த்திருக்க வேண்டுமா? இதை அபத்த நாடகம் என்கிறார்களே, ஏன்? மகாபாரதத்தை இப்படி எடுப்பதாக இருந்தால் யாரை வைத்து எடுக்கலாம்? எனக்குக் கர்ணன் தோன்றினான்.

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றை உடனே முடித்துவிடுகிறேன். ஹாம்லெட்டைப் படித்துவிட்டும் பார்க்கலாம், பார்த்துவிட்டும் படிக்கலாம், படிக்காமலே இருந்துவிடக் கூடாது. அபத்தம் என்கிற பெயர்ப்பலகையை ஆய்வேடு எழுதுகிறவர்களிடம் விட்டுவிடுங்கள். கர்ணன் வேண்டவே வேண்டாம், அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு திட்டு. ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படத்தை நாலு நாள் பஸ்ஸில் பார்த்ததை எப்படி இவ்வளவு சாதாரணமாக எழுத முடிகிறது? இந்தப் படத்தின் வேடிக்கையில் பாதி சட்டகத்தின் ஓரத்தில் நடக்கிறது. கில்டன்ஸ்டெர்ன் நடுவில் நின்று தத்துவம் பேசிக்கொண்டிருப்பான். ரோஸன்கிரான்ட்ஸ் ஒரு மூலையில் காகிதத்தை மடித்து விமானம் செய்துகொண்டிருப்பான், குளியல் தொட்டியில் தண்ணீர் ஏறுவதைக் கவனித்துக்கொண்டிருப்பான், தலையில் ஆப்பிள் விழுந்து யோசித்துக்கொண்டிருப்பான். அறிவியலின் பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் அவன் கைக்கு எட்டி வந்து நழுவிப்போகும். பெரிய விஷயங்கள் பக்கத்தில் நடக்கும்போது அவை இன்னவென்று தெரியாமலே கடந்துபோகிறவர்களின் கதை இது. அதைச் சொல்லத்தான் இத்தனை வேடிக்கையும். போன் திரையில் உங்களுக்கு ரோஸன்கிரான்ட்ஸாக நடித்த கேரி ஓல்ட்மனின் மூக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

ஆனாலும் சிரித்திருக்கிறீர்கள், சிரித்ததோடு நிற்காமல் கோபமும் பட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தப் பதில். மகாபாரதத்தின் சபா பருவத்தை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். அரசர்களுக்காகச் செய்தி சுமந்து நடப்பவர்களைப் பற்றிய யோசனையிலேயே இருந்தபோது உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

‘விளிம்புநிலை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எதை எடுத்தாலும் இந்தச் சொல்லை ஒட்டிவிடும் பழக்கம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? ரோஸன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன் இரண்டும் டென்மார்க்கின் பிரபுக் குடும்பப் பெயர்கள். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் இவர்கள் இளவரசன் ஹாம்லெட்டோடு சிறுவயதிலிருந்து வளர்ந்தவர்கள். அவனை வேவு பார்க்கச் சொல்லித்தான் அவன் சித்தப்பனான அரசன் அழைக்கிறான். அரசரின் நினைவில் நிற்கும் அளவுக்குக் கைம்மாறு கிடைக்கும் என்று அரசி ஆசை காட்டுகிறாள். ஹாம்லெட் ரோஸன்கிரான்ட்ஸை முகத்துக்கு நேராகவே பஞ்சு என்கிறான்: அரசனின் தயவை உறிஞ்சிக்கொள்ளும் பஞ்சு, தேவைப்படும்போது பிழிந்துவிடுவார்கள். ஆக, இவர்கள் அரண்மனைக்கு வெளியே நின்றவர்கள் கிடையாது. உள்ளே வரச் சொன்னார்கள், வந்தார்கள்.

நாடகத்தில் இவர்கள் சின்னப் பாத்திரங்கள் என்பது உண்மைதான். எவ்வளவு சின்னது என்றால், 1948-இல் லாரன்ஸ் ஒலிவியே எடுத்த ஹாம்லெட் படத்தில் இருவருமே கிடையாது. வெட்டி எடுத்துவிட்டார். கதை ஓடத்தான் செய்தது, சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. ஸ்டாப்பார்ட்டின் நாடகம் 1966-இல் எடின்பரோவில் மாணவர் குழு ஒன்றால் போடப்பட்டு, அடுத்த ஆண்டே லண்டனில் நேஷனல் தியேட்டர் மேடைக்கு வந்தது. அப்போது அந்த நிறுவனத்தின் தலைவர் யார் தெரியுமா? அதே ஒலிவியே. தன் படத்தில் இடம் கொடுக்காத இருவருக்கு மேடை முழுவதையும் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் 1990-இல் ஸ்டாப்பார்ட்டே அதைப் படமாக்கினார். அவர் இயக்கிய ஒரே படம். வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருது கிடைத்தது.

குரல் கொடுத்தாரா என்று கேட்கிறீர்கள். எந்தக் குரலைச் சொல்கிறீர்கள்? அந்த இருவருக்கும் ஊர் உண்டா, தாய் தகப்பன் உண்டா, காதல் உண்டா? எதையும் அவர் தரவில்லை. தங்களில் யார் ரோஸன்கிரான்ட்ஸ், யார் கில்டன்ஸ்டெர்ன் என்பதே அவர்களுக்குக் குழம்புகிறது. காலையில் ஒரு தூதன் வந்து எழுப்பினான், அதற்கு முன்னால் எதுவும் ஞாபகம் இல்லை. காசைச் சுண்டினால் தொண்ணூறு தடவைக்கு மேல் தலையே விழுகிறது. இரக்கத்தைச் சம்பாதிக்க நினைக்கிற எழுத்தாளன் முதல் காட்சியிலேயே ஒரு ஏழைத் தாயைக் கொண்டுவந்திருப்பான். ஸ்டாப்பார்ட் இரக்கத்துக்கு வழியே வைக்காமல் சிரிக்க வைக்கிறார். சிரித்துக்கொண்டே அவர்கள் பின்னால் போகிற நாம் கப்பலில் ஏறியதும் வசமாக மாட்டிக்கொள்கிறோம்.

கப்பல் காட்சியை உங்கள் பஸ் பயணத்தில் எந்த நிறுத்தத்தில் பார்த்தீர்களோ தெரியவில்லை. மறுபடி பாருங்கள். எனக்கு இந்தப் படமே அந்தக் காட்சிதான்.

ஷேக்ஸ்பியரில் அரசன் ஒரு கடிதத்தை முத்திரையிட்டுத் தருகிறான்: இங்கிலாந்து மன்னன் ஹாம்லெட்டின் தலையை வெட்ட வேண்டும். கொண்டுபோகிற இருவருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியுமா? ஷேக்ஸ்பியர் சொல்லவே இல்லை. ஹாம்லெட் இரவில் திருட்டுத்தனமாகப் பிரித்துப் படித்து, வேறு கடிதம் எழுதி, அப்பாவின் முத்திரையை வைத்து மூடிவிடுகிறான். கொண்டுவருபவர்களை உடனே கொல், பாவமன்னிப்புக் கேட்கக்கூட நேரம் கொடுக்காதே என்பது அவன் எழுதியது. பிரார்த்தனையில் இருக்கும்போது கொன்றால் சொர்க்கத்துக்குப் போய்விடுவான் என்று, அப்பாவைக் கொன்ற சித்தப்பனை விட்டுவைத்த ஹாம்லெட்தான், கூட வளர்ந்தவர்களுக்குப் பிரார்த்தனை நேரத்தையும் மறுக்கிறான். நண்பன் ஹொரேஷியோவிடம் இதைச் சொல்லும்போது, என் மனசாட்சியை அது தொடவில்லை, அவர்களே விரும்பி ஏற்ற வேலைதானே என்கிறான். உங்கள் கோபம் இங்கே நியாயம், நானும் கூட நிற்கிறேன்.

ஆனால் ஸ்டாப்பார்ட் என்ன செய்கிறார்? ஷேக்ஸ்பியர் மூடிவைத்த கதவைத் திறந்துவிடுகிறார். அவருடைய கப்பலில் இருவரும் ஒத்திகை பார்க்கிறார்கள். ஒருவன் இங்கிலாந்து மன்னனாக நடிக்கிறான். நடிப்பின் வேகத்தில் கடிதத்தைப் பிடுங்கிப் பிரித்துவிடுகிறான், படித்தும் விடுகிறான். இப்போது தெரிந்துவிட்டது, நண்பன் சாகப்போகிறான். அவன் நம் நண்பன் ஆயிற்றே என்று ரோஸன்கிரான்ட்ஸ் முனகுகிறான். கில்டன்ஸ்டெர்ன் தர்க்கம் பேசத் தொடங்குகிறான். மனிதன் என்றால் சாகத்தான் வேண்டும். சாவு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது, நல்லதாகக்கூட இருக்கலாம். நாமோ சின்ன ஆட்கள், அரசர்களின் விவகாரத்தில் தலையிட நாம் யார்? பேசி முடித்து, கடிதத்தைப் பழையபடி நேர்த்தியாகக் கட்டிவைக்கச் சொல்கிறான்.

இந்த இடத்தில் அரங்கில் சிரிப்பு வரும். எனக்கும் வரும், உடனே தொண்டையில் நின்றுவிடும். நாமோ சின்ன ஆட்கள் என்கிற வாக்கியத்தை எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறேன்!

முன்பு நான் வேலை பார்த்த அலுவலகத்தில் டெஸ்பாட்ச் பிரிவில் ஒருவர் இருந்தார். மெமோ, சஸ்பென்ஷன் ஆர்டர், இடமாற்றல் எல்லாம் அவர் கையால்தான் வரும். நோட்டில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், யாரும் கேட்காமலே, “உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க” என்பார். கவருக்குக் கோந்து தடவி ஒட்டுவதே அவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். போனஸ் ஆர்டர் கொண்டுவந்தபோதும் அதே வாக்கியம்தான். அவர் கெட்டவர் இல்லை. கல்யாணம், சாவு எதற்கும் முதல் ஆளாக நிற்பார். ஒருமுறை, ஓய்வு பெற ஒரு வாரமே இருந்த ஒருவருக்கு சஸ்பென்ஷன் ஆர்டரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். “நான் கொண்டு போகலைன்னா வேற ஒருத்தன் கொண்டு போவான்” என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கில்டன்ஸ்டெர்னின் தர்க்கத்தைக் கேட்கும்போதெல்லாம் இந்த மனிதரின் குரல்தான் காதில் விழுகிறது. அந்த வேடத்தில் நடித்த டிம் ராத் மன்னிக்கட்டும்.

அதனால் ‘ஒன்றுமறியாத’ என்று நீங்கள் எழுதியதை அடித்துவிடுங்கள். அறியாமல் செத்தவர்கள் ஷேக்ஸ்பியரில் இருக்கலாம். படத்தில் செத்தவர்கள் கடிதத்தைப் படித்தவர்கள். ஸ்டாப்பார்ட் அவர்களிடமிருந்து அந்த ஒரு சாக்கையும் பிடுங்கிக்கொண்டார். அப்படிப் பிடுங்கிய பிறகும் நமக்கு அவர்கள்மேல் பிரியம் இருக்கிறது என்பதுதான் அவர் திறமை. சுருக்கு விழும் நேரத்தில் கில்டன்ஸ்டெர்ன், மாட்டேன் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரு கணம் தொடக்கத்தில் எங்கோ இருந்திருக்க வேண்டும், எப்படியோ தவறவிட்டுவிட்டோம் என்கிறான். எங்கோவா? கப்பலில் கையில் வைத்துக்கொண்டிருந்தானே!

இந்தக் கடிதக் கதை ஷேக்ஸ்பியருக்கும் மூத்தது. சாக்ஸோ கிராமடிகஸ் என்ற டேனிஷ் வரலாற்றாசிரியர் எழுதிய ஆம்லெத் கதையிலும் இரண்டு துணையாட்கள் வருகிறார்கள். கடிதம் அங்கே மரத்துண்டில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆம்லெத் சுரண்டி மாற்றிவிடுகிறான், அவர்களைத் தூக்கில் போடுகிறார்கள். அதற்கப்புறம் செய்வதைக் கேளுங்கள். என் ஆட்களை எப்படிக் கொல்லலாம் என்று கோபித்துக்கொண்டு பிரிட்டன் மன்னனிடமிருந்து ஈட்டுத்தொகையாகத் தங்கம் வாங்குகிறான். அதை உருக்கி இரண்டு பொள்ளல் கழிகளுக்குள் ஊற்றிக்கொள்கிறான். ஊர் திரும்பியதும், கூடப் போனவர்கள் எங்கே என்று கேட்கிறார்கள். கழிகளைக் காட்டி, இதோ இருவரும் இங்கே இருக்கிறார்கள் என்கிறான். அந்தக் கதையில் அவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஸ்டாப்பார்ட்டைவிடக் கொடூரமான நகைச்சுவை இது.

நம் பக்கத்திலும் ஒருவர் இந்த இருவரைச் சரியாகப் பிடித்தார். விஷால் பரத்வாஜின் ‘ஹைதர்’ (2014) பாருங்கள். வீடியோ கடை வைத்திருக்கும் இரண்டு சல்மான் கான் ரசிகர்கள், இருவருக்கும் பெயர் சல்மான். கோமாளிகளாக வந்து காட்டிக்கொடுக்கிறவர்களாக ஆகிறார்கள். காஷ்மீரில் வைத்துப் பார்க்கும்போது அந்தச் சிரிப்பு வேறு மாதிரி உறுத்துகிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இனி கர்ணன். கர்ணன் எப்போது ஐயா சின்னப் பாத்திரம் ஆனான்? அவன் பேரில் ஒரு பருவமே இருக்கிறது. கூத்தில் அவனுக்கு ஒரு முழு இரவு. நம்மிடம் மறுபடி சொல்வது என்றாலே தோற்ற பெரிய ஆளுக்கு வக்காலத்து வாங்குவது என்றாகிவிட்டது. கர்ணன், துரியோதனன், சகுனி, ராவணன். ஒரு அரியணையிலிருந்து எழுந்து இன்னொரு அரியணையில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். அவற்றில் ஒன்றிலாவது சிரித்திருக்கிறீர்களா? எல்லாவற்றிலும் கண்ணீர்தான், அதுவும் நீதிமன்றக் கண்ணீர்.

பிரதிகாமியை எடுங்கள். யார் என்று கேட்பீர்கள், அதற்காகத்தான் சொல்கிறேன். சூதாட்டத்தில் தருமன் எல்லாம் தோற்றபின், திரௌபதியை அவைக்கு அழைத்துவர துரியோதனன் அனுப்புகிற தேர்ப்பாகன். பாரதியின் பாஞ்சாலி சபதத்திலும் நடக்கிறான். கூத்து மேடையானால் இந்த மாதிரி வேஷம் எல்லாம் கோமாளியான கட்டியக்காரன் தலையில்தான் விழும், ஆக சிரிப்புக்கு நம்மிடம் ஆள் தயார். வியாசரில் அவன் போகிறான், செய்தியைச் சொல்கிறான். அவள் ஒரு கேள்வியைக் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறாள்: முதலில் தோற்றது தன்னையா, என்னையா? அவைக்கு வந்து கேட்கிறான். தருமன் உயிரில்லாதவன் போல உட்கார்ந்திருக்கிறான். மறுபடி போகச் சொல்கிறார்கள். போகிறான், இன்னொரு கேள்வியோடு வருகிறான். மூன்றாம் முறை சொல்லும்போது கால் நகரவில்லை. அவளுடைய கோபத்துக்குப் பயந்து சபையைப் பார்த்து, நான் கிருஷ்ணையிடம், அதாவது திரௌபதியிடம், என்ன சொல்ல என்கிறான். துரியோதனன் எரிச்சலோடு, இவன் பீமனுக்குப் பயப்படுகிறான், நீ போ என்று துச்சாதனனிடம் திரும்புகிறான். அந்த அவையில் அவன் கதை அத்தோடு முடிந்தது.

கில்டன்ஸ்டெர்ன் தவறவிட்ட கணத்தில் இவன் நின்றிருக்கிறான். ஆனால் தியாகி ஆக்கிவிடாதீர்கள், உங்களைத் தெரியும் எனக்கு. இரண்டு முறை போனவன் அவன். மூன்றாம் முறையும் மாட்டேன் என்று சொல்லவில்லை, கேள்விதான் கேட்டான். அதற்குப் பயம்கூடக் காரணம். பீஷ்மரும் துரோணரும் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பாகனுக்கு அவ்வளவுதான் முடிந்தது, அதுவும் பெரியவர்களுக்கு முடியவில்லை.

எழுதுங்கள். அவன் வீடு, மனைவி, குழந்தை எதற்கும் போகாதீர்கள், அங்கே போனால் அழ ஆரம்பித்துவிடுவீர்கள். அவைக்கும் அந்தப்புரத்துக்கும் நடுவில் இருக்கிற நடையிலேயே முழுக்கதையையும் வையுங்கள். உள்ளே பகடை உருள்வதும் சிரிப்பதும் கேட்டால் போதும், காட்ட வேண்டாம். கூட நடக்க இன்னொருத்தனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தனியாக நடப்பவன் புலம்புவான், இரண்டு பேர் என்றால்தான் வாக்குவாதம் வரும். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். கர்ணனை வைத்து ஏற்கெனவே ஏதாவது எழுதி வைத்திருப்பீர்கள் என்று சந்தேகமாக இருக்கிறது, அதை அனுப்ப வேண்டாம்.

அன்புடன்.