சாயம் போகும், உப்பு போகாது: நொய்யலை முன்வைத்துக் கேள்வி பதில்

பொருளாதார வளர்ச்சிக்கு எல்லை உண்டா என்று பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றில் போய்விடும். அதனால் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றை வைத்துக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். பிறந்த ஊர் அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி (திருப்பூர், தையல் தொழிலாளி): ஐயா, மழை பொய்த்த ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். பனியன் கம்பெனி வேலையில்தான் என் இரண்டு பெண்களும் படிக்கிறார்கள். வளர்ச்சி வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

வரவில்லை, அம்மா. உங்கள் பெண்களின் படிப்பைக் குறைத்துப் பேச எனக்கு எந்த உரிமையும் இல்லை. நான் கேட்பது வேறு. நீங்கள் தைக்கும் துணி சாயப்பட்டறையிலிருந்து வருகிறது. பட்டறையின் கழிவு பல ஆண்டுகள் ஆற்றோடு போனது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் பாசனத்துக்காக ஓர் அணை கட்டினார்கள். அதில் வந்து தேங்கியது சாயத் தண்ணீர். அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று, அந்த அணையின் பாசன நிலமான ஆயக்கட்டின் விவசாயிகளே நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. பாசன அணை வேண்டாம் என்று ஒரு விவசாயி சொல்வதை அதுவரை நான் கேட்டதில்லை. உங்கள் கூலியிலோ, முதலாளியின் லாபத்திலோ, வெளிநாட்டுக் கடையில் அந்தச் சட்டைக்குப் போட்ட விலையிலோ அந்த விவசாயியின் கெட்டுப்போன கிணற்றின் விலை சேரவே இல்லை. துணி மலிவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்களுக்கும் அவருக்கும் பகை இல்லை. கணக்கை எழுதியவர்கள் இருவரையும் கேட்கவில்லை.

கேள்வி (கோவை, பொறியியல் மாணவர்): தொழில்நுட்பம் வளர்ந்தால் இந்த எல்லைகள் எல்லாம் விலகிவிடும் அல்லவா? சுத்திகரித்தால் தீர்ந்தது.

தம்பி, சாயம் ஏற்றும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பருத்தித் துணியில் சாயம் தானாகப் பிடிக்காது. அதைத் தண்ணீரிலிருந்து நூலுக்குத் தள்ள உப்பு வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 40 முதல் 80 கிராம் வரை போடுவார்கள். அடர்நிறம் என்றால் கூடுதல். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பு தங்காது. போட்ட உப்பு அவ்வளவும் அலசுகிற தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

இதைத்தான் ஊர் வெகுநாள் புரிந்துகொள்ளவில்லை. பழைய சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்தன, நாற்றத்தை எடுத்தன. வெளியே வந்த தண்ணீர் தெளிவாகக்கூட இருந்தது. கரைந்த உப்பை அந்த முறைகளால் தொட முடியவில்லை. எங்கள் பக்கத்துக் கிணறு ஒன்றில் நான் இறங்கிப் பார்த்தேன்: நீர் வற்றி இறங்கிய மட்டத்துக்கெல்லாம் கல்லில் வெள்ளை வெள்ளையாகக் கோடு பூத்திருந்தது, சுண்ணாம்பு அடித்ததுபோல. அந்தத் தோட்டத்தில் வெட்டிக் கொடுத்த இளநீர் உப்புக் கரித்தது. வெட்டிக் கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்டவை மூடின. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பின்னர் ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்று சவ்வு வழியாக நீரைப் பிரித்து, மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி, நீரையும் உப்பின் ஒரு பகுதியையும் மறுபடி பயன்படுத்துகிறார்கள். இது பெரிய சாதனை, உங்கள் துறையினர் செய்தது, மனமார வணங்குகிறேன்.

ஆனால் காய்ச்சுவதற்கு நெருப்பு வேண்டும். கொதிகலனுக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். பிரிக்க முடியாத கலப்பு உப்பும் சகதியும் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. ஆற்றில் இருந்த சுமையில் ஒரு பங்கு புகைபோக்கிக்கும் கிடங்குக்கும் இடம் மாறியிருக்கிறது. சுமை முன்பைவிடக் குறைவுதான், மறுக்கவில்லை. அதே நேரம் உற்பத்தி ஆண்டுக்கு 7 சதவீதம் வளர வேண்டும் என்றால் பத்து ஆண்டுகளில் இரண்டு மடங்கு. எழுபது ஆண்டுகளில் நூறு மடங்குக்கு மேல். அவ்வளவு உப்பையும் வைக்க எந்த ஊரில் இடம் பார்த்து வைத்திருக்கிறோம்?

கேள்வி (மதுரை, இல்லத்தரசி): நாட்டின் மொத்த உற்பத்தி உயர்ந்தால் எல்லாருக்கும் நன்மை என்கிறார்களே?

கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தவரை நீங்கள் இறைத்துக் குடித்தீர்கள். அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கிணறு கெட்ட பிறகு லாரித் தண்ணீர் வாங்குகிறீர்கள். அது உற்பத்தியில் ஏறுகிறது. குடும்பத்துக்கு நஷ்டம், கணக்கில் வளர்ச்சி. தேசிய வருமானத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தவர்களில் முதன்மையானவரான சைமன் குஸ்நெட்ஸ், அந்த எண்ணை வைத்து ஒரு நாட்டின் நலத்தை அறிய முடியாது என்று 1934-இலேயே அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் எச்சரித்தார். எண்ணை எடுத்துக்கொண்டோம், எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

கேள்வி (சேலம்): எல்லாவற்றுக்கும் மக்கள்தொகைதானே காரணம்?

இல்லை. நொய்யலைக் கெடுத்தது கரையில் இருந்தவர்களின் எண்ணிக்கை அல்ல.

கேள்வி (சென்னை, வங்கி ஊழியர்): பணக்கார நாடுகள் இருநூறு ஆண்டுகள் புகைவிட்டு வளர்ந்துவிட்டன. இப்போது நமக்கு மட்டும் எல்லை சொல்வது நியாயமா?

நியாயம் இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு அவர்களுடையது. இன்றும் ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் வெளியிட, ஓர் இந்தியர் வெளியிடுவது 2 டன்னை ஒட்டித்தான். முதலில் குறைக்க வேண்டியவர்கள் அவர்கள்.

ஆனால் இதே வாதத்தைத் திருப்பூரின் பட்டறை உரிமையாளர்களும் சொன்னார்கள்: மற்ற ஊர்களில் விடுகிறார்கள், எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்று. கீழே இருந்த விவசாயிக்கு அதனால் என்ன பயன்? பாலாற்றின் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை 1996-இல் உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. அதை உலக நாடுகளிடம் கேட்போம். நம் மாவட்டத்திலும் கேட்போம். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போட எனக்குச் சம்மதம் இல்லை.

கேள்வி (காங்கேயம் பக்கம், விவசாயி): நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. சாயத் தண்ணீர் பாய்ந்த மண் இனித் தேறுமா, அண்ணா?

தேறும், ஆனால் அவசரப்படக் கூடாது. உப்பு மண்ணைவிட்டுக் கீழே இறங்க நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். நமக்கு நல்ல தண்ணீர் என்றால் மழைதான். வரப்பை உயர்த்தி மழைநீரை வயலிலேயே நிறுத்துங்கள். முதலில் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுங்கள். சோடியம் மிகுந்திருந்தால் மட்டும் அவர்கள் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போடுங்கள். பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு உப்பைத் தாங்கி வளரும். அதை விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுதுவிடுங்கள். கிணற்று நீரின் உப்பளவை மாசியில் ஒருமுறை, வடகிழக்கு மழை முடிந்து மார்கழியில் ஒருமுறை அளந்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மூன்று ஆண்டுக் கணக்கு சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.