ஏஎஸ்/400 (ஐபிஎம்மின் வணிகக் கணினி): கமாண்ட் லைன் இல்லாத பயனருக்குக் கமாண்ட் ஓட்டுவது – கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் கிடங்கு ஊழியர்களின் புரொஃபைலில் லிமிட்டட் கேப்பபிலிட்டி (கமாண்ட் அடிக்கத் தடை) *யெஸ். கமாண்ட் லைனில் அடித்தால் மறுக்கிறது. ஆனால் ஆர்பிஜி மொழிப் புரோகிராமுக்குள், கமாண்டை ஓட்டித் தரும் கியூசிஎம்டிஇஎக்ஸ்சியைக் கூப்பிட்டால் அதே ஆளுக்கு ஓடுகிறது. இது ஓட்டையா?

பதில்: இல்லை, அமைப்பே அப்படித்தான். அந்தத் தடை, ஆள் கையால் கமாண்ட் லைனில் அடிப்பதற்கு மட்டும். புரோகிராம் வழியாக வரும் கமாண்டுக்கு அத்தாரிட்டி மட்டுமே பார்க்கப்படும்: கமாண்டின் மேலும், அது தொடும் ஃபைல், கியூ மேலும் அவருக்கு உரிமை இருக்கிறதா என்று.

ஆபத்து வேறு இடத்தில். திரையில் பயனர் அடித்ததை அப்படியே கமாண்ட் ஸ்ட்ரிங்கில் ஒட்டாதீர்கள். யூனிக்ஸ் ஷெல் போல அரைப்புள்ளி போட்டு இரண்டாவது கமாண்டை இங்கே தொடுக்க முடியாதுதான். ஆனால் லைப்ரரி (ஃபைல், புரோகிராம்கள் இருக்கும் தொகுப்பு) பெயர் கேட்கும் இடத்தில் ஒருவர் பெயரை அடித்து, அடைப்புக்குறியை மூடி, இன்னொரு பாராமீட்டரைச் சேர்த்துவிடலாம். ஸ்ட்ரிங்கின் தொடக்கத்தில் கேள்விக்குறி வந்தால் பாராமீட்டர்களை நிரப்பும் ப்ராம்ப்ட் திரையே திறக்கும். பெயர் கேட்டால், வந்தது 10 எழுத்துக்குள் வெறும் பெயர்தானா என்று பார்த்த பிறகு ஒட்டுங்கள்.

பயனர் அடிக்கும் கமாண்டையே ஓட்டியாக வேண்டுமா? அதற்கு கியூசிஏபிசிஎம்டி என்ற சிஸ்டம் புரோகிராம் இருக்கிறது. கமாண்ட் வகை 2 என்று கொடுத்தால், கமாண்ட் லைனில் நடக்கும் அதே லிமிட்டட் யூசர் சோதனையை அது செய்யும்.

கேள்வி: கியூசிஎம்டிஇஎக்ஸ்சி நீளம் தப்பு என்கிறது. இன்டிஜர்தான் அனுப்புகிறேன்.

பதில்: நீளத்தை பேக்டு 15,5 (பேக்டு டெசிமல் வகை, மொத்தம் 15 இலக்கம், அதில் 5 தசம இலக்கம்) ஆக அனுப்புங்கள்.

கேள்வி: பிரின்ட் அமைப்பைத் தற்காலிகமாக மாற்றும் (ஓவர்ரைட்) ஓவிஆர்பிஆர்டிஎஃப் கமாண்டைத் தனி சிஎல் (கமாண்ட் மொழிப் புரோகிராம்) ஒன்றில் வைத்தேன். ஆர்பிஜிக்குத் திரும்பியதும் ஓவர்ரைட் காணவில்லை.

பதில்: டிஃபால்ட் ஆக்டிவேஷன் குரூப்பில் (புரோகிராம்கள் ஓட ஜாபுக்குள் தானாகவே இருக்கும் பகுதி) ஓடுகிறீர்கள். அந்த சிஎல் முடிந்ததும் அதன் ஓவர்ரைடும் முடிந்தது. ஆர்பிஜிக்குள்ளிருந்தே கியூசிஎம்டிஇஎக்ஸ்சி மூலம் கொடுத்தால் நிற்கும். அல்லது ஸ்கோப் *ஜாப் (ஜாப் முழுவதும் செல்லும்) போட்டு, வேலை முடிந்ததும் நீக்குங்கள்.

கேள்வி: ஒரு அவுட்கியூவை, அதாவது பிரின்டுக்குக் காத்திருக்கும் வரிசையை, கிளியர் செய்ய ஊழியருக்கு உரிமை இல்லை. புரோகிராமை, எல்லா உரிமையும் உள்ள கியூசெக்ஆஃபர் புரொஃபைலுக்குச் சொந்தமாக்கி, சொந்தக்காரரின் உரிமையில் ஓடும்படி *ஓனர் போட்டால் போதுமா?

பதில்: ஓடும். தயவுசெய்து செய்யாதீர்கள். இப்படிச் சொந்தக்காரரிடமிருந்து அடாப்ட் ஆன உரிமை அந்தப் புரோகிராமோடு நிற்காது, அதற்குக் கீழே கூப்பிடும் எல்லாவற்றுக்கும் இறங்கும். அந்த ஒரு அவுட்கியூ மேல் மட்டும் உரிமையுள்ள புரொஃபைல் ஒன்றைப் பாஸ்வேர்டு *நன் (யாரும் அதில் உள்நுழைய முடியாது) என்று உருவாக்கி, புரோகிராமை அதற்குச் சொந்தமாக்குங்கள். உள்ளே கமாண்டை கியூசிஸ் என்ற சிஸ்டம் லைப்ரரியின் பெயரோடு எழுதுங்கள். லைப்ரரி லிஸ்டை (தேடும் வரிசையை) நம்பினால், அதே பெயரில் வேறொரு கமாண்டை யாராவது முன்னால் வைத்துவிடலாம். கியூவைக் கிளியர் செய்துவிட்டுத் திரும்புங்கள், பட்டியல் காட்டி வேலை செய்ய விடும் வொர்க் வித் திரை எதையும் காட்டாதீர்கள். பின்னணியில் ஓட சப்மிட் செய்த ஜாபுக்கு அடாப்டட் அத்தாரிட்டி போகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: 20 வருடமாக மெனுவும் லிமிட்டட் கேப்பபிலிட்டியும் வைத்தே ஓட்டுகிறோம். ஃபைல் முதலான ஒவ்வொன்றுக்கும் உரிமை குறிக்கும் ஆப்ஜெக்ட் அத்தாரிட்டி வெட்டி வேலை.

பதில்: இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 1988-இல் இந்த மெஷின் வந்தபோது பச்சைத் திரை (டெர்மினல்)தான் உள்ளே வரும் வழி, மெனு போதும் என்று அன்று சொல்லியிருக்கலாம். இன்று உங்கள் ஊழியர் எக்செல்லைத் திறந்து, ஓடிபிசி (டேட்டாபேஸ் இணைப்பு) வழியாக அதே ஐடியில் சம்பள ஃபைலுக்குள் நுழையலாம். அங்கே மெனு ஏது?

அதே நபர்: இணைப்பு வரும்போது சோதிக்கும் எக்ஸிட் புரோகிராம் போட்டு ஓடிபிசியை அடைப்போம்.

பதில்: போடுங்கள், நல்லதுதான். அப்புறம் எஃப்டிபி (ஃபைல் அனுப்பும் வழி)? அடுத்து வரும் வழி? எஸ்கியூஎல்லிலும் ஒரு கியூசிஎம்டிஇஎக்ஸ்சி இருக்கிறது, கமாண்ட் லைனே இல்லாமல் கமாண்ட் ஓட்டும். வழி ஒவ்வொன்றாக அடைப்பதைவிடப் பொருளுக்கே பூட்டுப் போடுவது மேல்.

அதே நபர்: ஆயிரக்கணக்கான ஃபைல். எது உடையும் என்று யாருக்குத் தெரியும்?

பதில்: நியாயமான பயம். ஓஎஸ் பதிப்பு 7.3-இல் அத்தாரிட்டி கலெக்‌ஷன் வந்துவிட்டது. ஒரு பயனருக்கு ஓட விட்டால், எந்த ஆப்ஜெக்டுக்கு என்ன உரிமை தேவைப்பட்டது, என்ன இருந்தது என்று பதிவு செய்யும். சம்பள ஃபைல்களை முதலில் எடுங்கள். ஆத்தரைசேஷன் லிஸ்ட் (பல ஃபைல்களுக்கு ஒரே உரிமைப் பட்டியல்) ஒன்றில் சேர்த்து, *பப்ளிக்கை (மற்ற எல்லோரையும்) *எக்ஸ்க்ளூட் (அனுமதி இல்லை) ஆக்குங்கள். மீதி மெதுவாக வரட்டும்.

கேள்வி: மெயின்ஃப்ரேம் சிஐசிஎஸ்ஸில் இதை எப்படிச் செய்வது?

பதில்: என் துறை இல்லை. ராக்ஃப் (மெயின்ஃப்ரேம் பாதுகாப்பு மென்பொருள்) பார்க்கும் ஆளைக் கேளுங்கள்.

கேள்வி: கியூசெக்ஆஃபரை ஓனராக்கினால் சுலபமாக முடியுமே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

கேள்வி: பிரின்ட் ஃபைல்களைக் காட்டும் டபிள்யூஆர்கேஎஸ்பிஎல்எஃப் கமாண்டை மட்டும் லிமிட்டட் யூசருக்குத் திறந்துவிட்டோம். ஓஎஸ் அப்கிரேட் ஆனதும் பழையபடி ஆகிவிட்டது.

பதில்: அப்கிரேடில் ஐபிஎம் கமாண்டுகள் புதிதாக வரும், உங்கள் மாற்றம் போய்விடும். கமாண்டின் அமைப்பை மாற்றும் சிஎச்ஜிசிஎம்டி வரிகளை ஒரு சிஎல்லில் வைத்து, அப்கிரேட் முடிந்த கையோடு ஓட்டுங்கள்.