ஹமில்டன் கால்வாய்: ஒல்லாந்தரா, ஆங்கிலேயரா?

வணக்கம் அக்கா. கொழும்பை அடுத்த வத்தளையில் ஓடும் ஹமில்டன் கால்வாயை ஆங்கிலேயர் வெட்டியதாக மகள் செயற்றிட்டத்தில் எழுதியதற்கு, அது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கால்வாய் என்று ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தினார், எது சரி என்று கேட்டிருந்தீர்கள். மகள் எழுதியதுதான் சரி.

களனி கங்கைப் பக்கமிருந்து பமுனுகம வரை கடற்கரையை ஒட்டி ஓடும் சுமார் 14.5 கிலோமீற்றர் கால்வாய் அது. 1802இல் வேலை தொடங்கி 1804இல் முடிந்தது. ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்தது 1796இல், ஆகவே இது அவர்கள் காலத்து வேலை. வரி, வணிகப் பொறுப்பிலிருந்த கவின் ஹமில்டன் என்ற அதிகாரியின் பெயரைத்தான் வைத்தார்கள்.

ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது. பக்கத்து முத்துராஜவெல சதுப்பு நிலத்துக்குள் ஒல்லாந்தர் காலத்துப் பழைய கால்வாய் ஒன்று இருக்கிறது. நீர்கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிப் போவதும் அவர்களுடையதே. கறுவா ஏற்றிய தட்டையடிப் படகுகள் போன வழி அது. அதனால் ஊரில் எல்லாவற்றையும் டச்சுக் கால்வாய் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

மகள் ஒன்றை மட்டும் விடாமல் சேர்க்கட்டும்: ஏன் வெட்டினார்கள் என்பது. முத்துராஜவெல ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. உப்புநீர் ஏறி வயல் கெட்டது. அந்த உப்புநீரை வடித்து வெளியேற்றத்தான் ஹமில்டன் கால்வாய். ஆனால் வயல் மீளவில்லை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் மனதைத் தொடுவது இதுதான்.

அப்புறம், புறக்கோட்டையில் 240 பஸ் ஏறி வத்தளையில் இறங்கி, கடல் பக்கம் நடந்தால் கால்வாய் வந்துவிடும். மகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், படமும் அங்கேயே எடுக்கலாம்.