மிக்ஸியை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

தம்பி, டொராண்டோவுக்கு ஊர் மிக்ஸியைக் கொண்டுவரலாமா, கையால் சுற்றும் காபி கிரைண்டரில் எது நல்லது, பாலும் டபராவும் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நடுக் கேள்விதான் முக்கியம்.

மிக்ஸி வேண்டாம். இங்கே 120 வோல்ட். நம் ஊர் 750 வாட் மோட்டார் திணறும். டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மிக்ஸி பிளேடு காபிக் கொட்டையை வெட்டுமே தவிர ஒரே சீராக அரைக்காது. பாதி மாவு, பாதி நொய்.

கை கிரைண்டரில் கொட்டையை நசுக்கி அரைக்கும் பாகத்தைப் பல் என்கிறேன். மலிவான பீங்கான் பல் கிரைண்டரிலும் இதே கோளாறுதான். நடுத்தண்டுக்குக் கீழே பிடிமானம் இல்லாததால், சுற்றும்போது பல் ஆடும். மாவு பில்டர் துளையை அடைக்கும், நொய்யில் சாறு இறங்காது. டிகாக்‌ஷன் கசக்கவும் செய்யும், நீர்த்தும் இருக்கும். எஃகுப் பல்லும் தண்டுக்கு இரண்டு பேரிங்கும் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். பில்டர் காபிக்கு டைம்மோர் சி2 என்ற கை கிரைண்டர் போதும். கிங்கிரைண்டர் கே6 இன்னும் வசதி: 48 மி.மீ. பல், அரைக்கும் அளவை வெளியிலேயே திருப்பலாம், ஒரு கிளிக்குக்கு, அதாவது திருகின் ஒரு படிக்கு, பல் 16 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நகரும். சி2-வில் அடிக்கிண்ணத்தைக் கழற்றித்தான் திருப்ப வேண்டும், ஒவ்வொரு கிளிக்கும் பெரிய தாவல். கமாண்டன்டே சி40 அருமையான பொருள்தான். ஆனால் சிக்கரி கலந்து பால் ஊற்றிக் குடிக்கிறவருக்கு அந்த விலை வீண். இங்கே பலர் கௌரவத்துக்காகவே அதை வாங்குகிறார்கள், எனக்கு அது பிடிக்காது.

பற்கள் ஒன்றோடொன்று உரசி நிற்கும் இடம் பூஜ்யம். அங்கிருந்து சி2-வில் 13 கிளிக், கே6-ல் ஒரு முழுச் சுற்று, அதாவது 60 கிளிக் தளர்த்தி ஆரம்பியுங்கள். 16 கிராம் கொட்டையை அரைத்து, அரைத்த பிறகே 4 கிராம் சிக்கரித் தூளைக் கலக்க வேண்டும். சிக்கரி ஈரத்தை இழுத்துப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கிரைண்டருக்குள் போடவே கூடாது. பில்டரில் லேசாக அழுத்தி, கொதி அடங்கிய வெந்நீர் 120 மி.லி. ஊற்றுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் இறங்கினால் சரி. 5 நிமிடத்தில் ஓடிவிட்டால் சி2-வில் ஒரு கிளிக், கே6-ல் நாலைந்து கிளிக் இறுக்குங்கள். அரை மணி ஆகியும் இறங்கி முடியாமல் சொட்டு நின்றுபோனால் தளர்த்துங்கள். தூளை அமுக்கி வைத்தாலும் இப்படித்தான் நிற்கும்.

குளிர்காலத்தை மறக்காதீர்கள். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு, தூள் கிண்ணத்துச் சுவரில் ஒட்டும், திறந்தால் பறக்கும். கரண்டிக் காம்பில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு, கொட்டையைக் கிளறிவிட்டு அரையுங்கள். தண்ணீர் கூடினால் பல் துருப்பிடிக்கும். அதனால்தான் கழுவவும் கூடாது, வாரம் ஒரு முறை பிரஷ் போதும். அரிசி போட்டு அரைத்துச் சுத்தம் செய்யச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பச்சரிசி கொட்டையைவிடக் கடினம். மிளகும் சீரகமும் கிரைண்டரில் அரைத்தால் அந்த மணம் காபியை விட்டுப் போகவே போகாது.

கொட்டை வாங்கும்போது நன்றாக வறுத்ததாக, ஆனால் எண்ணெய் மினுங்காததாகப் பாருங்கள். ஊரிலிருந்து பத்து கிலோ தூள் சுமந்து வருகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கும்பகோணத்துக் கடையில் கண்ணெதிரே வறுத்து, பீபெரி எவ்வளவு, பிளாண்டேஷன் எவ்வளவு என்று கொட்டை ரகங்களைக் கேட்டு அரைத்துக் கொடுக்கும் சூடான பொட்டலத்தின் மணம், இரண்டு மாதம் அலமாரியில் இருந்த தூளில் எங்கே இருக்கும்?

பால் எல்லாக் கடையிலும் உண்டு. டபரா, டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதித் தமிழ்க் கடைகளில் கிடைக்கும்.