நாடக விமர்சனம் எழுதுவதில் அச்சு இதழிலும் இணையத்திலும் எதிர்கொள்ளும் சவால்கள் என்ன?

சென்னை அரங்குகளிலும் திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்துக் கூத்துக் களங்களிலும் பார்த்தவற்றைப் பற்றி இதழ்களிலும் இணையத்திலும் எழுதிவருபவன் என்ற முறையில் இக்கேள்விக்குப் பதில் சொல்கிறேன். தமிழைப் பொறுத்தவரை எல்லாச் சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான் என்று கருதுகிறேன். நம் நவீன நாடகங்களில் பெரும்பாலானவை ஓரிரு நிகழ்வுகளோடு முடிந்துவிடுகின்றன.

லண்டனில் வரவேற்புப் பெற்ற ஒரு நாடகம் பல வாரங்கள் ஓடும். பத்திரிகையாளர்களுக்கென்று ஒதுக்கிய இரவில் பார்த்து, சுடச்சுட எழுதி, நட்சத்திர மதிப்பெண்ணோடு வெளியாகும் விமர்சனம் அங்கே டிக்கெட் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் வாசகருக்கு வழிகாட்டுகிறது. கார்டியன் நாளிதழில் மைக்கேல் பில்லிங்டன் 1971 முதல் 2019 வரை அந்தப் பணியைச் செய்தார். நாடகம் பார்த்து எழுதுவதையே ஒருவர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரே நாளிதழில் முழுநேரத் தொழிலாகக் கொள்வது நம் சூழலில் நினைத்துப் பார்க்க முடியாதது. இங்கே ஒரு குழு எழும்பூர் மியூசியம் தியேட்டரையோ நுங்கம்பாக்கம் அலையன்ஸ் பிரான்சேஸ் அரங்கையோ ஒரு சனி, ஞாயிறுக்கு எடுக்கிறது. திங்கட்கிழமை நடிகர்கள் அவரவர் அலுவலகத்துக்குப் போய்விடுகிறார்கள். விமர்சனம் அச்சில் வரும்போது அதைப் படிப்பவர் போய்ப் பார்க்க நாடகம் இருப்பதில்லை. ஆகவே தமிழ் நாடக விமர்சகர் எழுதுவது, அன்று அங்கே இல்லாதவருக்கும் இனி ஒருபோதும் அதைப் பார்க்க முடியாதவருக்கும்தான். மேடையில் நடந்தது என்ன என்பதை முதலில் அவர் கண்முன் கொண்டுவர வேண்டும். நல்லது, கெட்டது சொல்வது அதற்குப் பிறகு. இந்த வரிசையைக் காப்பாற்றுவது அச்சிலும் கடினமாக இருக்கிறது, இணையத்திலும் கடினமாக இருக்கிறது, காரணங்கள்தான் வேறு.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவின் மேடை எப்படி இயங்கியது என்று இன்று நாம் விரிவாகத் தெரிந்துகொள்வது பெரும்பாலும் அதை நடத்திய பம்மல் சம்பந்த முதலியாரின் நினைவுக் குறிப்புகளிலிருந்துதான். நாற்காலியில் அமர்ந்து பார்த்தவர்கள் எழுதிவைத்தது மிகக் குறைவு. 1930களில் ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி எழுதிய ஆடல் பாடல் பகுதி, ஜனரஞ்சக வார இதழிலும் கலை விமர்சனத்துக்கு வாசகர் உண்டு என்று காட்டியது. ஆனால் 1977இல் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையும் 1978இல் ஞாநியின் பரீக்ஷாவும் நவீன நாடகக் குழுக்களாகத் தோன்றியபோது, அவற்றின் நாடகங்களைப் பற்றிய பேச்சு முக்கியமாகச் சிறுபத்திரிகைகளில்தான் நடந்தது. 1990களின் முதல் பாதியில் கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்த சுபமங்களாவும், வெளி ரங்கராஜன் நடத்திய நாடக வெளியும் அதற்கு மனம் கொண்டு பக்கம் ஒதுக்கின. ந. முத்துசாமியின் நாடகப் பிரதிகள் நூலாகக் கிடைக்கின்றன. நடிகர்கள் எங்கே நின்றார்கள், வசனத்தை எந்த வேகத்தில் சொன்னார்கள், பார்வையாளர்கள் எந்த இடத்தில் நெளிந்தார்கள் என்பதை அறிய அந்த இதழ்களைத்தான் புரட்ட வேண்டும். முத்துசாமியும் ஞாநியும் 2018இல் மறைந்துவிட்ட பிறகு, கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியும் அடைபட்டுவிட்டது.

அச்சில் முதல் இடர்ப்பாடு இடம். நாளிதழின் இணைப்புப் பக்கத்தில் முந்நூறு, நானூறு சொற்கள் கிடைத்தால் பெரிது. அதிலும் புகைப்படம் பாதியை எடுத்துக்கொள்ளும். இயக்குநர், எழுத்தாளர், நடிகர்கள், ஒளியமைப்பாளர், இசையமைப்பாளர் என்று பெயர்களைச் சொல்லி, கதையை இரண்டு வாக்கியத்தில் சுருக்கினால், சொல்ல வந்ததற்கு ஒரு பத்திதான் மிச்சம். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் பக்கம் கட்டுபவர் கட்டுரையை அடியிலிருந்துதான் வெட்டுவார். அது அவர் குற்றமில்லை, அந்தத் தொழிலின் முறை. ஆனால் நம் பழக்கத்தில் குறைகளை இறுதியில் பணிவாகச் சொல்லி முடிப்போம் அல்லவா, அந்தப் பகுதிதான் முதலில் போகும். பாராட்டு மட்டும் அச்சாகும். இதனாலேயே என் முக்கியமான மறுப்பு எதுவானாலும் அதைக் கட்டுரையின் இரண்டாம் பத்திக்குள் வைத்துவிடுகிறேன். மாத இதழ்களில் இடம் தாராளம். ஆனால் இம்மாத நடுவில் கொடுப்பது அடுத்த மாதம்தான் வரும். அதற்குள் அந்த நாடகம் பற்றிய வாய்ப்பேச்சு அடங்கி, குழு அடுத்த ஒத்திகைக்குப் போயிருக்கும்.

கூத்தைப் பற்றி எழுதும்போது இந்த நெருக்கடி இன்னும் கடுமையாகிறது. திரௌபதி அம்மன் கோவில் பாரத விழாவில் நடக்கும் கர்ண மோட்சத்தை எடுத்துக்கொள்வோம். இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்கும் கூத்து அது. போருக்குப் புறப்படும் கர்ணனை மனைவி பொன்னுருவி தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்று இழிவாகப் பேசும் கட்டம் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும். நான் பார்த்த ஓர் இரவில், கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்த கர்ணன், முகம் கொடுக்க மறுத்த பொன்னுருவியை ஒவ்வொரு பாட்டுக்கும் சுற்றிவந்து எதிரே நிற்க, அவளாக வேடம் கட்டியிருந்த ஆண் கலைஞர் ஒவ்வொரு முறையும் தோளை மட்டும் திருப்பிக்கொண்டார். முழு உடலையும் திருப்பவில்லை. குந்தியின் மகன் தான் என்ற ரகசியத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் கர்ணன் பாட்டை விட்டுவிட்டு, மிருதங்கம் ஓய்ந்து ஹார்மோனியச் சுருதி மட்டும் நிற்க, வெறும் பேச்சாகச் சொன்னார். அப்போதுதான் பொன்னுருவியின் முழு உடலும் அவர் பக்கம் திரும்பியது. அந்த ஒரு மணி நேரமும் இந்த ஒரே திருப்பத்துக்காகச் சேர்த்துவைக்கப்பட்டது என்பது அப்போது விளங்கியது. இதைச் சொல்லவே இங்கே எனக்கு ஒரு பத்தி முழுவதும் தேவைப்படுகிறது. நாளிதழில் இது “கர்ணன், பொன்னுருவி தர்க்கம் பார்வையாளர்களைக் கவர்ந்தது” என்று சுருங்கிவிடும். அப்படி எழுதப்பட்ட வரியிலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் எதைத் தெரிந்துகொள்வார்?

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். நகரத்து நவீன நாடகம் என்றால் இயக்குநர் பெயரைத் தலைப்பிலேயே போடும் நாம், கூத்து என்றால் ‘கிராமியக் கலைஞர்கள்’ என்று மொத்தமாகக் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். முகவீணை வாசித்தவருக்குப் பெயர் உண்டு. கட்டியக்காரனாக வந்து இரவெல்லாம் கூட்டத்தை விழித்திருக்கச் செய்தவருக்குப் பெயர் உண்டு. அவர்கள் யாரிடம் பாடம் கேட்டார்கள் என்ற வரலாறும் உண்டு. கலைஞர்கள் வேடம் கலைக்கும்வரை காத்திருந்து, பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளாத விமர்சனத்தை நான் முழுமையானதாகக் கருதுவதில்லை.

சபா நாடகங்களின் நிலைமை சற்று வேறு. அங்கே ஒரு நாடகம் சபா சபாவாகச் செல்லும் வாய்ப்பு இருப்பதால் விமர்சனத்துக்கு உடனடிப் பயன் உண்டு. கோடை நாடக விழாவில் அடுத்தடுத்த மாலைகளில் புதிய நாடகங்கள் அரங்கேறும்போது, விமர்சகர் பார்ப்பது பெரும்பாலும் முதல் நிகழ்வைத்தான். வசனம் இன்னும் நாக்கில் படியாமல், அரங்க மாற்றங்களில் இருட்டு நீண்டுவிடும் நாள் அது. பத்தாவது நிகழ்வில் அதே நாடகம் வேறாகியிருக்கும். அச்சில் வந்த சொல்லோ முதல் நாளிலேயே நின்றுவிடும். இந்த ஓர் இடத்தில் இணையம் உண்மையாகவே உதவுகிறது. மறுமுறை பார்த்துவிட்டு, தேதியிட்டு, பழைய பதிவின் கீழேயே மாற்றங்களை எழுத முடிகிறது.

இணையத்தில் இடப் பஞ்சம் இல்லை. அங்கே பஞ்சம் அவகாசத்துக்கும், விலகி நின்று பார்க்கும் தூரத்துக்கும்தான். நாடகம் முடிந்து மெட்ரோவில் ஏறும் முன்பே ஃபேஸ்புக்கில் பத்துப் பதிவுகள் வந்துவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நடிகர்களின் நண்பர்கள் அன்போடு எழுதியவை. அந்த வேகத்தோடு போட்டி போட்டால் எழுத்தில் ‘அருமை’, ‘பிரமிப்பு’ ஆகிய இரண்டுதான் மிஞ்சும். ஓர் இரவு தூங்கி எழுந்து எழுதினால், அதற்குள் எல்லோரும் பாராட்டியதைக் குறை சொல்பவராக நாம் தெரிவோம். நாடக வட்டம் சிறியது; எழுதுபவரும் நடிப்பவரும் ஒரே பட்டறையில் பயின்றிருப்பார்கள், ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போயிருப்பார். சொந்தக் காசையும் விடுமுறை நாட்களையும் செலவிட்டு மேடையேறியவர்களிடம் ‘இரண்டாம் பாதி தளர்ந்துவிட்டது’ என்று சொல்வது எளிதல்ல. நூறு வரிகளில் கவனமாகச் சொன்னதிலிருந்து ஒரே ஒரு வரியைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், முழுக் கட்டுரையையும் படிக்காதவர்களின் கோபத்துக்குப் பதில் சொல்லியே அந்த வாரம் கழிந்துவிடும். அச்சில் இந்தச் சூட்டைத் தாங்க இடையில் ஓர் ஆசிரியர் இருந்தார், அனுப்பும் முன் “இந்த வரிக்கு மேடையில் என்ன சான்று?” என்று கேட்டார். இணையத்தில் அந்தக் கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் அனுபவத்தில், சான்றோடு சொன்ன குறையைக் கலைஞர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்; ‘நடிப்பு எடுபடவில்லை’ என்ற மொட்டையான தீர்ப்புதான் புண்படுத்துகிறது. குழுவோடு நமக்கு உறவு இருந்தால் அதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

2020இன் ஊரடங்குக்குப் பிறகு இன்னொரு வழக்கம் பரவியிருக்கிறது. யூடியூபில் ஏற்றப்பட்ட பதிவைப் பார்த்துவிட்டு நாடக விமர்சனம் எழுதுகிறார்கள். கேமரா பேசுபவரின் முகத்தைக் காட்டும்போது, மேடையின் மறுமூலையில் கேட்டுக்கொண்டிருப்பவர் என்ன செய்தார் என்பது மறைந்துவிடுகிறது. நாடகத்தில் எதைப் பார்ப்பது என்ற தேர்வு பார்வையாளருடையது. பதிவில் அந்தத் தேர்வை வேறொருவர் செய்துவிடுகிறார். பதிவைப் பார்த்து எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வெளியூரில் இருப்பவருக்கு வேறு வழியில்லை. பதிவைப் பார்த்துத்தான் எழுதுகிறேன் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

இணையத்தில் எழுதியது நிலைக்கும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி என்ற தமிழ்க் குறியாக்க முறையில் எழுதி, பிறகு மாற்றப்படாத பக்கங்கள் இன்று குழம்பிய குறிகளாகத் தெரிகின்றன. 2009இல் ஜியோசிட்டீஸ் இணையதளமும் 2019இல் கூகுள் பிளஸ் சமூக வலைத்தளமும் மூடப்பட்டபோது அங்கே இருந்தவற்றில் பலவும் போய்விட்டன. பழைய தமிழ் இதழ்களையோ தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தேடிப் பார்க்கலாம். ஒரு நாடகக் குழுவைப் பற்றி ஆய்வு செய்ய வரும் மாணவருக்கு, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய அச்சு விமர்சனம் கிடைத்துவிடுகிறது. பத்து ஆண்டுகளுக்கு முந்தைய வலைப்பதிவு பல வேளைகளில் கிடைப்பதில்லை.

இரண்டு ஊடகத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. இருட்டில் குறிப்பெடுப்பது. கைப்பேசியைத் திறந்தால் பின்வரிசைக்காரரின் கண்ணில் வெளிச்சம் அடிக்கும். சிறு நோட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு வரி வீதம் பெரிய எழுத்தாகக் கிறுக்கிவைத்துக்கொண்டு, அன்றிரவே அதை விரித்து எழுதிவிட வேண்டும். மறுநாள் நம் கையெழுத்து நமக்கே விளங்காது. கருத்தைக் குறித்துவைக்கத் தேவையில்லை, அது மறக்காது. யார் எங்கிருந்து எங்கே நடந்தார், எந்த இடத்தில் விளக்கு மாறியது என்பதைத்தான் மனம் முதலில் இழக்கிறது.

நீங்கள் எழுதத் தொடங்குபவராக இருந்தால், முழு விமர்சனத்தையும் இணையத்தில், இரண்டு மூன்று நாள் ஆறவிட்டு எழுதுங்கள். அதன் சாரத்தை இதழுக்குக் கொடுங்கள். இப்போது பல குழுக்கள் அச்சிட்ட நிகழ்ச்சிக் குறிப்புத் தருவதில்லை, வாட்ஸ்அப் அழைப்பிதழில் இயக்குநர் பெயர் மட்டும் இருக்கும். எனவே மேடை நிர்வாகியைக் கேட்டு எல்லோருடைய பெயரையும், நாளையும், இடத்தையும் சேருங்கள். எழுதி முடித்ததைத் தாளில் அச்செடுத்து, ஒரு பிரதியை அந்தக் குழுவிடமும் ஒன்றை உங்கள் ஊர் நூலகத்திலும் கொடுத்துவையுங்கள்.