போதிதர்மரும் குங்ஃபூவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: போதிதர்மர் காஞ்சிப் பல்லவ இளவரசர், ஷாவோலின் துறவிகளுக்குக் குங்ஃபூ கற்றுத்தந்தவர் என்கிறார்கள். சீன ஆவணங்களில் இதை எப்படிச் சரிபார்ப்பது?
(வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: ஆவணங்களை எழுதப்பட்ட கால வரிசையில் அடுக்குங்கள். ஏடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஆண்டை அப்படியே நம்பாதீர்கள். போதிதர்மர் பெயரும் உடற்பயிற்சியும் முதலில் எங்கே சேர்ந்து வருகின்றன என்று பாருங்கள்.

547-ஐ ஒட்டி லுவோயாங் நகரக் கோயில்களைப் பற்றி எழுதிய யாங் சுவான்சி, போதிதர்மரைப் பாரசீகத் துறவி என்கிறார். தான்லின் எழுதிய குறிப்பில் அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன். 645இல் தாவோசுவான் தொகுத்த துறவியர் வரலாற்றில் தென்னிந்தியப் பிராமணர். மூன்றிலும் காஞ்சியோ பல்லவரோ இல்லை. சண்டைக் கலையும் இல்லை.

ஷாவோலினில் உள்ள 728ஆம் ஆண்டுக் கல்வெட்டுதான் சுவையானது. 621இல் வாங் ஷிசோங்குக்கு எதிரான போரில் துறவிகள், பின்னாளில் சீனப் பேரரசரான லி ஷிமினுக்கு உதவியதை அது பதிவு செய்கிறது. அதே கல்லில் போதிதர்மரும் வருகிறார், தியான ஆசானாக மட்டும். இரண்டையும் இணைக்க அதை எழுதியவருக்குத் தோன்றவில்லை. ஷாவோலினில் சிலம்பம் போன்ற கோல்வித்தை பயின்ற செங் சோங்யூ, 1610களில் எழுதிய கையேட்டில்கூட அந்த வித்தையைக் கின்னர தெய்வத்திடமிருந்து வந்ததாகவே சொல்கிறார்.

போதிதர்மர் பெயரில் பயிற்சி முறை வருவது 'யிஜின்ஜிங்' ஏட்டில். அதன் முன்னுரைகள் 628, 1142 என்று ஆண்டு காட்டுகின்றன. ஏடு 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 628ஆம் ஆண்டு முன்னுரை மாட்டிக்கொள்வது எங்கே தெரியுமா? பிற்காலக் கதை ஒன்றில் வரும் சுருள்தாடி வீரன், அதில் நிஜ மனிதனாக ஏட்டைக் கைமாற்றுகிறான்! அதிலும் இருப்பது உடலை உறுதியாக்கும் பயிற்சிதான், கைச்சண்டை அல்ல. போதிதர்மர் குங்ஃபூ கற்றுத்தந்தார் என்ற கதையை 1930இல் சீனச் சண்டைக்கலை ஆய்வாளர் தாங் ஹாவ் ஆதாரத்துடன் மறுத்தார். அதற்குள் அச்சுப் புத்தகங்கள் அதை ஊரெல்லாம் பரப்பிவிட்டிருந்தன.

கேள்வி: ஷாவோலின் கோயில் நூலகத்திலேயே தேடினால் என்ன?
(வாசகர், கோவை)

பதில்: 1928இல் ஷி யூசான் என்ற படைத்தலைவர் கோயிலுக்குத் தீ வைத்தார், சுவடிகள் எரிந்தன. அதனால்தான் கல்வெட்டுக்கு இத்தனை மதிப்பு. 'பழைய கோயில் சுவடியின் நகல்' என்று யாராவது நீட்டினால், மூலம் எங்கே, படியெடுத்தது யார், எப்போது என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: இணையத்தில் மூல நூல்களைப் பார்க்க முடியுமா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: முடியும். தைஷோ பௌத்தத் தொகுப்பில் தாவோசுவான் நூலின் எண் 2060, யாங் சுவான்சியுடையது 2092. 'தாமோ' (போதிதர்மரின் சீனப் பெயர்ச் சுருக்கம்) என்று தேடும்போது கவனம்: 'மோ'வுக்கு இரண்டு சீன எழுத்துகள் வழக்கில் உள்ளன, ஒன்றை மட்டும் இட்டால் பாதி இடங்கள் தப்பிவிடும். ஆண்டுகள் அரசரின் காலப்பெயரில் இருக்கும். கையுவான் 1 என்பது 713. ஆகவே கையுவான் 16 என்றால் 728.